யாருடைய வடிநிலம்? – கொசஸ்தலை வெள்ள ஆய்வுகளை முன்வைத்து

வெள்ளத் தடுப்பு அறிக்கைகளைத் தமிழ் எம்.ஏ. படித்தவன் எதற்கு விமர்சிக்க வேண்டும் என்று தோழர்கள் கேட்கிறார்கள். பொறியாளர் எழுதியதைப் பொறியாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். ஆனால் அறிக்கையும் ஒரு பிரதிதான். அதைச் சொல்பவன் ஒருவன் இருக்கிறான். யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்பது இருக்கிறது. சொல்லாமல் தாண்டிப்போன இடங்களும் இருக்கின்றன. அந்தத் தாண்டிப்போன இடங்களில்தான் நம் சனங்கள் குடியிருக்கிறார்கள்.

கே.ஜி.கண்டிகையில் உட்கார்ந்துகொண்டு இவற்றை வாசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் திருத்தணிப் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் ஓடையாக ஓடி, நந்தியாறு, கொசஸ்தலை என்று சேர்ந்து, 1944இல் கட்டி முடித்த பூண்டி ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து திறந்துவிட்டால் மணலி தாண்டி எண்ணூர் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. சுமார் 136 கிலோமீட்டர் ஓடுகிற ஒரே ஆறு. மேலே ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்கள் முழுகும். பூண்டியைத் திறந்தால் மணலி புதுநகர் முழுகும். 2021 நவம்பரில் இரண்டையும் பார்த்தோம்.

அதே ஆண்டில்தான் ஆசிய வளர்ச்சி வங்கி, சென்னை–கொசஸ்தலை வடிநில ஒருங்கிணைந்த வெள்ள மேலாண்மைத் திட்டத்திற்கு 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. 588 கி.மீ. புதிய மழைநீர் வடிகால், 175 கி.மீ. பழைய வடிகால் சீரமைப்பு, அம்பத்தூர், கொரட்டூர், அரியலூர், கடப்பாக்கம் கால்வாய்கள் 11 கி.மீ., நிலத்தடிக்குத் தண்ணீர் இறங்க 23,000 குழிகள். வடசென்னைக்கு இதெல்லாம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்பில் ஆற்றின் பெயரை வைத்துக்கொண்டு, வேலையை மாநகராட்சிப் பகுதிக்குள் முடித்துக்கொள்வது என்ன நியாயம்? 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்ததை எல்லைப் போராட்ட வெற்றி என்று இன்றும் மேடையில் பேசுகிறோம். அந்த எல்லைக்கோடு ஆற்றை வெட்டிக்கொண்டு போவதைப் பற்றிப் பேச்சில்லை. தண்ணி எல்லைக்கல்லைப் பார்த்து நிற்காது.

இரண்டாவது பிரதி, இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015 வெள்ளம் பற்றித் தந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைத்தார்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி திறந்ததைக் கேள்வி கேட்டு, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று எழுதியது. துணிச்சலான வார்த்தை. ஆனால் ‘மனிதர்’ என்ற பொதுச்சொல்லுக்குள் யார் யார் ஒளிந்துகொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றவில்லை என்று அறிக்கை குறை சொல்கிறது. அகற்றும் இயந்திரம் எங்கே போய் நின்றது? அடையாறு, கூவம் கரைக் குடிசைகளில் நின்றது. எண்ணூரில் கழிவெளியைத் தூர்த்து எழும்பிய துறைமுகம், நிலக்கரிக் கிடங்கு, அனல்மின் நிலையம் பக்கம் அது போகவில்லை. 1996இல் மத்திய அரசு ஏற்ற கடற்கரை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருந்தது. மாநில அதிகாரிகளிடம் இருந்த வேறொரு வரைபடத்தில் அது இல்லை. 2017இல் தகவல் உரிமைச் சட்டம் மூலம் இந்தக் கூத்து வெளியே வந்தது. ஏழை ஓடைக்கரையில் குச்சி நட்டால் ஆக்கிரமிப்பு. ஓடையே வரைபடத்திலிருந்து போனால் வளர்ச்சி.

இதற்கு எதிர்ப்பிரதியாக நான் வைப்பது, வீட்டு மற்றும் நில உரிமை வலைப்பின்னல் அமைப்பும், நகர்ப்புற ஏழைகளுக்கான தகவல் மையமும் 2017இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. வெள்ளத்தில் அடிபட்டவர்களையே வெள்ளத்தைக் காரணம் காட்டிப் பெயர்த்து எறிந்ததை அது பதிவுசெய்தது. கொண்டுபோய் விட்ட பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கேயும் தண்ணீர். இந்த ஆய்வில் மட்டும்தான் சனங்கள் பேசுகிறார்கள். மற்றதில் அவர்கள் ‘பயனாளிகள்’.

எல்லா அறிக்கையிலும் வருகிற ஒரு சொல் ‘தாழ்வான பகுதி’. ஏதோ பூமி தானாகத் தாழ்ந்து கிடப்பது மாதிரி. எங்கள் பக்கம் போய்ப் பாருங்கள், ஊர் மேட்டில் இருக்கும், காலனி ஏரிக் கலங்கலுக்குக் கீழே இருக்கும். 1978ஆம் ஆண்டு அரிசன நலத்திட்ட நில எடுப்புச் சட்டத்தின்படி மனைக்கு நிலம் எடுக்கும்போது, மேட்டு நிலக்காரன் மேட்டைத் தருவானா? நெல் வைத்தால் அழுகுகிற பள்ளத்தைக் காட்டுவான். காலனியில் ஒரு பாட்டி என்னிடம் சொன்னது: “தண்ணி எங்களத் தேடி வர்ல நைனா. தண்ணி வர்ற எடத்துல எங்கள வச்சாங்க.” சாதியை உயர அளவாக மாற்றிவிட்டால் அது பொறியியல் ஆகிவிடுகிறது. இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது.

இன்னொரு மௌனம், வடிகாலுக்குள் இறங்குகிற உடல். 588 கி.மீ. கட்டுவது பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. அடைத்துக்கொண்டால் யார் இறங்குவது? மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்துவிட்டது. சாக்கடையில் செத்தால் இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. சாவு நிற்கவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் குப்பையை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து அருந்ததியர் தோழர்களைத்தான் லாரியில் ஏற்றி வந்தார்கள். 2023இல் மணலி ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது மீனவர்கள் வாளியால் மொண்டார்கள்.

நம் தொண்டை மண்டலத்து ஏரிகளில் மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நம்மவர்கள். எந்த மழைக்கு எந்தக் கரை உடையும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு எந்த அறிக்கையிலும் தரவு ஆகவில்லை.

ஆகவே அடுத்த ஆய்வுக்கு வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஆற்றைப் பள்ளிப்பட்டிலிருந்து எண்ணூர் வரை ஒன்றாக அள. ஒவ்வொரு ஊரிலும் ஊர்த்தெரு, காலனி இரண்டின் உயரத்தையும் தனித்தனியாக எழுது. கிருஷ்ணாபுரம் அணை திறக்கும் சேதி கலெக்டர் ஆபீசோடு நிற்காமல் காலனிக்கு எப்போது வரும் என்று சொல். வடிகாலை எந்த இயந்திரம் சுத்தம் செய்யும், அதற்கு எவ்வளவு ஒதுக்கினாய் என்று காட்டு. இந்த நான்குக்கும் பதில் இல்லாத அறிக்கை கிராமசபைக்கு வந்தால், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவோம்.