சந்தேகிக்கப் பழக்கும் பாடம் எது?

2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவைப் பள்ளிகளில் கற்பிக்கப் போவதாக ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. சிபிஎஸ்இ 2019இலேயே ஒன்பதாம் வகுப்புக்கு இதை விருப்பப் பாடமாக வைத்துவிட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ‘டிஎன் ஸ்பார்க்’ என்ற பெயரில் தனிப் பாடத்திட்டம் வந்திருக்கிறது. ஆகவே இப்படி ஒரு பாடம் வேண்டுமா என்ற விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வந்திருக்கும் பாடத்தால் எது நடக்கும், எது நடக்காது என்று பார்ப்பதுதான் இனிப் பயனுள்ளது. பாடத்தை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணங்களில் வலுவானது ஒன்றுண்டு: நாளை எங்கு திரும்பினாலும் இந்த எந்திரங்கள்தாம் பேசப் போகின்றன, அவை சொல்வதை அப்படியே நம்பி ஏமாறாத தலைமுறை வேண்டும். இந்த நோக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஏமாறாமல் இருக்கும் திறன், எந்திரத்தைப் பற்றிய பாடத்தால் மட்டும் வந்துவிடாது. எந்திரம் எதைப் பற்றிப் பேசுகிறதோ அந்தப் பொருளில் பிள்ளைக்குச் சொந்த அறிவு இருக்கவேண்டும். சொன்னது சரியா என்று மூலத்தைத் திறந்து பார்க்கும் பழக்கமும் இருக்கவேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் எச்சரிக்கை வாசகங்கள் வீண்.

முதலில் பாடத்தின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். எந்திரம் எப்படி இயங்குகிறது என்று அறியாதவர்களே அதை அதிகம் வரவேற்கிறார்கள் என்று டல்லி, லொங்கோனி, அப்பெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2025இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். அறியாதவர்களுக்கு அது மாயவித்தையாகத் தெரிகிறது, அந்த வியப்பே அவர்களை இழுக்கிறது. இந்த மாயத்தைக் கலைக்கக் கணினி ஆய்வகம்கூட வேண்டாம், கரும்பலகை போதும். “அம்மா சோறு” என்று எழுதி, அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று வகுப்பைக் கேட்கலாம். “ஊட்டினாள்”, “வடித்தாள்”, “போட்டாள்” என்று பிள்ளைகள் சொல்வார்கள். எந்தச் சொல்லை எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணி, அதிகம் பேர் சொன்னதை எழுதிவிட்டு, அதற்கடுத்த சொல்லைக் கேட்கலாம். சாட்ஜிபிடி போன்றவை பெருங்கடல் அளவு எழுத்தைக் கொண்டு செய்வதன் அடிப்படை இதுதான். அந்தக் கணக்கில் எந்த இடத்திலும், இன்று அம்மா உண்மையிலேயே சோறு வடித்தாளா என்ற கேள்வி வருவதில்லை. இதை ஒரு பத்து வயதுப் பிள்ளை புரிந்துகொண்டால் அது சின்ன லாபமல்ல. பாடத்திட்டம் இந்த அளவுக்காவது போகுமென்றால் அதை முழுமனதோடு வரவேற்கலாம்.

ஆனால் இயக்கம் தெரிவதும் மயக்கம் தெளிவதும் ஒன்றல்ல என்பதற்கு இந்தத் துறையின் தொடக்கத்திலேயே சான்று கிடைக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 1966இல் ‘எலைசா’ என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல் அது. அவர் மாதக்கணக்கில் அதை எழுதியதைக் கண்ணால் பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே அதனுடன் பேசத் தொடங்கியதும், சற்று வெளியே போகும்படி வைசன்பாமைக் கேட்டுக்கொண்டாராம். இதனால் கலங்கிப்போன வைசன்பாம் 1976இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி, தன் துறையை எச்சரித்தார். இன்றைய எந்திரங்களின் சரளம் எலைசாவைவிடப் பல மடங்கு. 2023 ஜூனில் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்களுக்கும் அவர்களின் நிறுவனத்துக்கும் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சாட்ஜிபிடி புனைந்து தந்த, நடக்கவே நடக்காத வழக்குகளை அவர்கள் மேற்கோளாகத் தாக்கல் செய்திருந்தார்கள். இந்த வழக்குகள் உண்மையானவைதானா என்று அவர்களில் ஒருவர் அந்த எந்திரத்திடமே கேட்டிருந்தார். அதுவும் ஆமாம் என்றது. சட்டம் படித்தவர், சந்தேகமும் எட்டிப் பார்த்திருக்கிறது, ஆனால் அந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு சட்ட அறிக்கைகளிடம் போகாமல் மீண்டும் எந்திரத்திடமே போனார். சந்தேகத்துக்குப் போய்ச் சேர ஓரிடம் வேண்டும்.

நம் பக்கத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவி கட்டுரைக்காகக் குறள் ஒன்று கேட்கிறாள். எந்திரம் இரண்டு அடிகளைத் தந்து, 423ஆம் குறள், ‘கல்வி’ அதிகாரம் என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். “செயற்கை நுண்ணறிவு தவறு செய்யலாம்” என்ற பொது எச்சரிக்கை அவளுக்கு எந்த வகையிலும் உதவாது. எல்லா விடைக்கும் அதே எச்சரிக்கைதானே! உதவுவது வேறு. அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பது தெரிந்தால், 423 நாற்பத்து மூன்றாம் அதிகாரத்தில் வரவேண்டும், அது ‘அறிவுடைமை’, ‘கல்வி’ நாற்பதாம் அதிகாரம் என்று அவளே கணக்குப் போட்டுவிடுவாள். முதலடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர், ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில் முடியவேண்டும் என்று தமிழாசிரியர் நடத்தியது நினைவிருந்தால், போலிக் குறள் அலகிடும்போதே சிக்கிக்கொள்ளும். கடைசியாக, வீட்டிலோ நூலகத்திலோ திருக்குறள் புத்தகம் இருந்தால் திறந்து பார்த்துவிடலாம். இந்த மூன்றில் எதுவும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் வருவதில்லை. மூன்றும் தமிழ் வகுப்பிலிருந்தும் நூலகத்திலிருந்தும் வருபவை. மனப்பாடமும் இலக்கணமும் இனி எதற்கு, எல்லாம்தான் கைப்பேசியில் கிடைக்கிறதே என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். பிள்ளைக்கு எது ஏற்கெனவே தெரியுமோ அதை வைத்துத்தான் எந்திரம் சொல்வதை உரசிப் பார்க்க முடியும்.

அடிப்படை வாசிப்பின் நிலைமையை வைத்துப் பார்த்தால் கவலை கூடுகிறது. கல்வி நிலை குறித்த 2024 அசர் ஆண்டறிக்கையின்படி நாட்டின் ஊரக அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 23.4 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள். ஐந்தாம் வகுப்பில் இது 44.8 விழுக்காடு. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையின் கவனமெல்லாம் எழுத்தைப் பிடிப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. வாசித்தது உண்மையா என்று யோசிக்க மிச்சம் இருப்பதில்லை. அந்தப் பிள்ளையிடம் பிழையே இல்லாத வாக்கியங்களைச் சரளமாகக் கொட்டும் எந்திரத்தைக் கொடுத்துவிட்டு, ‘விமர்சன நோக்கோடு அணுகு’ என்று சொல்வது நியாயமே ஆகாது. இதே அறிக்கையில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. மூன்றாம் வகுப்பினருக்கான அந்த விழுக்காடு 2022இல் 16.3 ஆக இருந்தது. இரண்டே ஆண்டில் இத்தனை ஏறியதற்கு அடிப்படை எழுத்தறிவு இயக்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது என் கணிப்பு. ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பழைய வேலைதான் அது. எழுத்தறிவு ஏமாற்றத்திலிருந்து காக்கும் என்பதற்குப் புதுக்கோட்டையைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. 1991இல் அங்கு தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள், எழுதியிருப்பது என்னவென்று தெரியாமல் கைநாட்டு வைக்கும் நிலையிலிருந்து வெளியே வந்தார்கள். தாளில் இருப்பதைத் தானே வாசித்துப் பார்த்தபிறகே ஒப்புக்கொள்வது என்ற அந்தப் பிடிவாதம்தான் இன்று கைப்பேசித் திரைக்கு முன்னாலும் தேவைப்படுகிறது.

ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிக்கவேண்டும் என்பதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று எழும். நாட்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள். பக்கத்தில் உட்கார ஆளே இல்லாத இடத்தில் எந்திரமாவது சொல்லிக்கொடுக்கட்டுமே என்பது அந்த வாதம். அலட்சியமாகத் தள்ளக்கூடியதல்ல. 2024இல் நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் மாணவர்களுக்கு ஆறு வாரம் மாலை வகுப்பில் செயற்கை நுண்ணறிவு உதவியோடு ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் கணிசமான முன்னேற்றத்தைப் பதிவு செய்தார்கள். ஆனால் அந்த வகுப்புகளை ஆசிரியர்கள்தாம் வழிநடத்தினார்கள். அந்த மாலை வகுப்பே இல்லாத மாணவர்களோடுதான் ஒப்பீடும் நடந்தது. எனவே முன்னேற்றத்தில் எந்திரத்தின் பங்கு எவ்வளவு, கூடுதல் நேரத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்விலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் நடந்த சோதனை இன்னும் தெளிவானது. வழக்கமான சாட்ஜிபிடி போன்ற கருவியைக் கையில் வைத்திருந்தவர்கள் பயிற்சிக் கணக்குகளில் மற்றவர்களைவிட 48 விழுக்காடு கூடுதலாக மதிப்பெண் எடுத்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியைத் தொடாத மாணவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். தாங்கள் குறைவாகக் கற்றோம் என்பதையே அவர்கள் உணரவில்லை என்பதுதான் இதில் என்னை அதிகம் உறுத்துகிறது. விடையைச் சொல்லிவிடாமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தரும்படி அமைத்த கருவியில் இந்தப் பாதிப்பு ஏறக்குறைய இல்லை. ஆசிரியர் இருக்குமிடத்தில் கருவி உதவும், ஆசிரியருக்குப் பதிலாக நின்றால் கெடுக்கும் என்றே இந்தச் சான்றுகளை நான் வாசிக்கிறேன். ஓராசிரியர் பள்ளிக்கு இரண்டாவது ஆசிரியரை நியமிப்பதுதான் அரசு முதலில் செய்யவேண்டியது.

ஒவ்வொரு புதுக் கருவி வரும்போதும் இப்படித்தான் பயந்தார்கள் என்று இன்னொரு மறுப்பு. பிளேட்டோவின் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் எழுத்தையே குறை சொல்கிறார்: எழுத்து நினைவாற்றலைக் கெடுக்கும், கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. எழுத்து வந்தது, அறிவு அழிந்தா போயிற்று என்று கேட்கிறார்கள். அழியவில்லை. ஏன் அழியவில்லை என்று பார்த்தால், எழுத்தை அப்படியே நம்பாமல் உரசிப் பார்க்கும் மரபை மனிதர்கள் எழுத்தோடு சேர்த்தே வளர்த்தார்கள். தமிழில் அதன் உச்சத்தைக் காணலாம். ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒன்று சொல்வார், பரிமேலழகர் மற்றொன்று சொல்வார், பிறர் கொண்ட பாடத்தை எடுத்துக்காட்டி மறுக்கவும் செய்வார். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது, ஏட்டில் கண்டதே வேதம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் ஊராக அலைந்து பல சுவடிகளைச் சேர்த்தார், ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்தார். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அவை இருக்கவேண்டிய இடம் இன்றுவரை வெற்றிடம்தான். சிதைந்துபோன அடிகளுக்குப் புள்ளியிட்டே அச்சிட்டார்கள். புலமை இருந்தும் இட்டு நிரப்பாமல் விட்ட அந்த நேர்மைதான் அந்தப் பதிப்புகளை நம்பத்தக்கவை ஆக்கியது. மொழி எந்திரத்தின் கட்டமைப்பு இதற்கு நேரெதிர். அடுத்த சொல்லைத் தருவதே அதன் வேலை என்பதால், இல்லாத 267ஆம் பாட்டையும் திணை, துறையோடு எழுதித் தரக்கூடியது அது. எந்தச் சுவடியிலிருந்து எடுத்தது என்று கேட்டால் சுவடியையும் புனைந்து சொல்லலாம். சாக்ரடீஸின் குறை எழுத்துக்குக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது என்பது. இன்றைய சிக்கல், இந்த எழுத்து எந்தக் கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்லிவிடுகிறது என்பது.

சந்தேகம் தடம் மாறினாலும் கேடுதான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். எந்திரத்தைச் சந்தேகிக்க வேண்டிய கல்வி நிறுவனங்கள் பல இடங்களில் மாணவரைச் சந்தேகிக்கின்றன, அதற்கும் இன்னோர் எந்திரத்தையே நம்புகின்றன. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறி கருவி, எந்திரம் எழுதியவற்றில் 26 விழுக்காட்டை மட்டுமே சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டின் மேல் தவறாகப் பழி போட்டது. ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளிடம் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை எந்திரம் எழுதியவை என்று முடிவு வந்தது. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுவதே அவர்கள் செய்த குற்றம். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் நம் பிள்ளைகளும் அப்படித்தானே எழுதுகிறார்கள்? அந்தக் கருவிகளின் விழுக்காட்டை ஒரே சான்றாக வைத்து எந்த மாணவர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது.

ஐந்தாம் வகுப்பு வரை செயற்கை நுண்ணறிவைத் தனிப் பாடவேளையாக வைப்பது தவறு என்பதே என் முடிவு. மேலே சொன்ன கரும்பலகை விளையாட்டு போன்ற சிலவற்றைத் தமிழ் வகுப்பிலும் கணக்கு வகுப்பிலும் சேர்த்தாலே அந்த வயதுக்குப் போதும். ஆறாம் வகுப்புக்கு மேல் இதைக் கணினி ஆசிரியரின் பொறுப்பில் மட்டும் விடாமல் தமிழ், அறிவியல், வரலாறு ஆசிரியர்கள் எல்லோருக்கும் பயிற்சி தரவேண்டும். எந்திரம் தந்த விடை ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள பிழையைக் கண்டுபிடி, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்தாய் என்று எழுது என்று தேர்வில் கேட்கவேண்டும். அப்படிக் கேட்க வேண்டுமானால் பள்ளியில் நூலகம் திறந்திருக்கவேண்டும், புத்தகங்கள் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்காமல் பிள்ளைகள் கைக்கு வரவேண்டும். புதுப் பாடத்துக்கு நேரம் ஒதுக்க வாசிப்பு நேரத்தில் கைவைக்கும் கால அட்டவணை உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லுங்கள்.