24-ஆம் ஃப்ரெட்டில் ஓர் ஆந்தை

கட்டத்துக்குக் கட்டம் இடம் சுருங்கிக்கொண்டே போகும் பலகையில் பறவைகளைப் பறக்கவிடுவது எவ்வளவு சிரமம் என்பது அளந்து பார்த்தால்தான் புரியும். பி.ஆர்.எஸ். கஸ்டம் 24 என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் ஸ்கேல் நீளம் (அதிரும் கம்பியின் நீளம்) 25 அங்குலம், அதாவது 635 மி.மீ. முதல் ஃப்ரெட்டுக்கு முன்னால் கிடைக்கும் இடம் 35 மி.மீ.க்குச் சற்று மேல். 12-ஆம் கட்டத்துக்கு வந்தால் 19 மி.மீ. கடைசிக் கட்டமான 24-இல் 9.4 மி.மீ.தான், ஃப்ரெட் கம்பிகள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது 7 மி.மீ. சொச்சம். அந்தச் சந்துக்குள் ஓர் ஆந்தை கிளையில் உட்கார்ந்திருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் ஆந்தை என்று தெரிகிறது. கிட்டார்க் கழுத்தில் சிப்பியால் பறவை பதிக்கும் இந்தக் கலையின் மீது எனக்குப் பெரிய மரியாதை வரக் காரணமே அந்த ஆந்தைதான்.

பி.ஆர்.எஸ். கிட்டாருக்குப் பெயர் தந்த பால் ரீட் ஸ்மித் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்துக்காரர். 1985-இல் தொழிற்கூடம் தொடங்கினார். அவருடைய அம்மாவுக்குப் பறவை பார்ப்பதில் தீராத ஈடுபாடு. வீட்டில் கிடந்த பறவைக் கையேட்டிலிருந்துதான் இந்த உருவங்களை எடுத்தார். ஆரம்பத்தில் பிறைநிலா பதித்ததே வழக்கமான கிட்டார். பறவை வேண்டுமென்றால் கூடுதல் பணம் கட்ட வேண்டும். 3-ஆம் ஃப்ரெட்டில் பைரி, 5-இல் பூனைப்பருந்து, 7-இல் ரீங்காரச்சிட்டு, 9-இல் ஆலா, 12-இல் வல்லூறு இனத்தில் ஒன்று, 15-இல் கைட் எனப்படும் பருந்து, 17-இல் இறங்கும் சிட்டுக்குருவி, 19-இல் புயற்பறவை, 21-இல் தரையிறங்கும் வல்லூறு, கடைசியில் ஆந்தை. எல்லாம் அந்த ஊர்ப் பறவைகள். ஆனாலும் எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இவை முழுக்க அந்நியமல்ல. சென்னை அஸ்தினாபுரத்திலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் பள்ளிக்கரணை சதுப்புநிலம். குளிர்காலத்தில் பைரி வரும், பூனைப்பருந்தின் நெருங்கிய உறவினம் நாணலுக்கு மேல் தாழப் பறக்கும். இன்னும் பக்கத்தில் நன்மங்கலம் காப்புக்காடு. அதன் பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது.

எங்கள் தெருவில் கிட்டார் சொல்லித்தரும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவருடைய கிட்டாரைக் கையில் வாங்கி, கழுத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது எனக்குப் பிடித்தமான வேலை. ஒருநாள் அவர் சொன்னார்: “சார், பறவையெல்லாம் எதிர்ல உட்கார்ந்து பாக்கிறவங்களுக்கு. வாசிக்கிற எனக்கு இந்தப் பொட்டு போதும்.” கழுத்தின் மேல்விளிம்பில் வரிசையாக இருக்கும் சின்ன வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். உண்மைதான். வாசிப்பவரின் கண் விழுவது விளிம்பில். ஆனாலும் முகப்பில் இருப்பதைக் கண்டபடி வைத்துவிட முடியாது. 3, 5, 7, 9, 12 என்ற இடக்கணக்கு மாறக்கூடாது; ஒவ்வொரு உருவமும் தன் கட்டத்துக்குள் அடங்க வேண்டும்; தூரத்திலிருந்து பார்த்தால் புள்ளியைப் போலவே வேலை செய்ய வேண்டும். கட்டுப்பாடு இல்லாத அலங்காரம் எனக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். இது அலுக்காததற்கு அந்தக் கணக்குதான் காரணம்.

அந்தக் கணக்குக்குள் ஒரு வடிவச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. மேலே போகப் போகக் கட்டத்தின் நீளம் குறைகிறது, அகலம் கூடுகிறது. கழுத்து நுனியில் 43 மி.மீ. இருக்கும் அகலம் உடலருகே 57 மி.மீ. ஆகிவிடும். 3-ஆம் கட்டம் சற்று அகன்ற செவ்வகம். 19-ஆம் கட்டம் படுக்கவைத்த கீற்று. சிறகை அகல விரித்த கடற்பறவை அந்தக் கீற்றில் சுலபமாகப் பொருந்தும். உட்கார்ந்த பறவை பொருந்தாது. அதனால்தான் ஆந்தையைக் கடைசிக் கட்டத்தில் வைத்தது துணிச்சலான முடிவு. அந்தப் பத்தில் எது சிறந்தது என்று கேட்டால், நான் 9-ஆம் கட்டத்து ஆலாவைச் சொல்வேன். கூரிய சிறகு, பிளந்த வால். உள்விவரம் ஒரு கோடுகூட இல்லாமல் வெறும் புறவடிவத்திலேயே அது முழுமை அடைந்துவிடுகிறது. ரீங்காரச்சிட்டு அழகுதான், ஆனால் அதன் அழகு நிறத்தில் இருப்பது. வெள்ளைச் சிப்பியில் பாதி போய்விடுகிறது.

பறவை வெளியூர் என்றாலும் அது பறக்கும் மரம் பெரும்பாலும் நம்முடையது. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, 1969-இல் கிட்டார் செய்யும் மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம், நாம் தோதகத்தி என்றும் சொல்வது, உலகத்து மேடைகளில் கிட்டார்க் கழுத்தின் முகப்புப் பலகையாக நிற்கிறது. தமிழ்நாட்டில் சொந்த நிலத்தில் நிற்கும் ஈட்டியைக்கூட அனுமதியில்லாமல் வெட்ட முடியாதபடி 1994-இல் தனிச் சட்டமே வந்தது. ஈட்டியின் ஊதா கலந்த பழுப்பின் மேல் சிப்பி வெதுவெதுப்பாகத் தெரியும். கருங்காலியின் மேல் பளீரென்று வெட்டும். எனக்கு ஈட்டிதான். பறவைக்குப் பின்னால் அந்திவானம் இருப்பதுபோன்ற ஓர் ஆழம் அதில் வருகிறது.

இனி சிப்பி. முத்துச்சிப்பியின் உட்புறம் அரை மைக்ரான் கனமுள்ள மெல்லிய தகடுகள் ஆயிரக்கணக்கில் அடுக்கியதால் ஆனது. ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது நிறம் பிறக்கிறது. கோணம் மாறினால் நிறமும் மாறும். நம் மன்னார் வளைகுடாச் சிப்பி முத்துக்குப் பேர்போனது, ஆனால் ஓடு சிறியது, மெலிந்தது; பதிப்பு வேலைக்குத் தென்கடல்களின் பெரிய சிப்பியே கைகொடுக்கிறது. ஒன்றரை மி.மீ. கனத்துக்கு இழைத்த துண்டை நூல் போன்ற ரம்பத்தால் அறுத்து, அரத்தால் விளிம்பு தீட்டி, மரத்தில் அதே அளவுக்குப் பள்ளம் எடுத்து ஒட்டுகிறார்கள். பிறகு பலகையோடு சேர்த்து வளைவாகத் தேய்க்கிறார்கள். தேய்த்த பிறகு ஓரங்களில் சிப்பியின் கனம் குறைந்திருக்கும். அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு; கவசம் இல்லாமல் யாரும் தொடக்கூடாது.

நல்ல வேலையை அடையாளம் காண நான் பார்ப்பது சிறகின் நுனி. இயந்திரத்தின் ரூட்டர் முனை உருண்டையாகச் சுழல்வது. அது எடுக்கும் பள்ளத்தின் மூலை எப்போதும் சற்று மழுங்கியே இருக்கும். சிப்பி நுனி கூர்மையாக, பள்ளமும் அதே கூர்மையோடு இருந்தால், கடைசியில் ஒரு கை உளி எடுத்து வேலை பார்த்திருக்கிறது என்று பொருள். மழுங்கிய மூலையை மரத்தூளும் பசையும் குழைத்து நிரப்பியிருந்தால், பறவையைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். அடுத்துப் பார்ப்பது சாய்க்கும்போது நடப்பதை. தேர்ந்த கைவினைஞர் உடலுக்கு ஒரு துண்டும் சிறகுக்கு வேறு திசையில் ஒளிரும் துண்டும் எடுப்பார். கழுத்தை அசைத்தால் முதலில் இடது சிறகு மின்னும், பிறகு உடல், பிறகு வலது. ஒரே துண்டில் வெட்டிய பறவை மொத்தமாக எரிந்து மொத்தமாக அணையும்.

பறவை பதித்த வேறு கிட்டார்களும் உண்டு. கிப்ஸன் கம்பெனியின் ஹம்மிங்பேர்ட் 1960-இல் வந்தது, டவ் 1962-இல். முதலாவதில் பறவை இருப்பது பிக்கார்டு பிளாஸ்டிக்கில், வண்ணம் தீட்டிய சித்திரமாக. அது என்னைப் பெரிதாக ஈர்த்ததில்லை. டவ்வின் பிரிட்ஜில் இருபுறமும் பதித்த சிப்பிப் புறாக்கள் வேறு தரம்.

இந்த இடத்தில் மனம் தஞ்சாவூருக்குப் போகாமல் இருக்காது. பலா மரத்தில் செய்த தஞ்சாவூர் வீணைக்கும் 24 மெட்டுகள்தான். ஆனால் அவை மெழுகுத் தடத்தின் மேல் நிற்பவை. மெட்டுகளுக்கு நடுவே சிப்பி பதிக்கப் பலகையே கிடையாது. அதனால் அலங்காரம் தண்டியின் பக்கவாட்டுக்கும் குடத்தின் விளிம்புக்கும் நகர்ந்துவிட்டது. மயிலும் கொடியும் பூவும் தகட்டில் கூரிய முனையால் கீறி, கீறலுக்குள் சிவப்பும் பச்சையும் கறுப்பும் தேய்த்து, மேலே துடைத்துவிடுவார்கள். வண்ணம் கோட்டில் மட்டும் தங்கும். முன்பு அந்தத் தகடு யானைத் தந்தம். இந்தியத் தந்த வாணிபம் 1986-இலும், ஆப்பிரிக்கத் தந்தம் 1991-இலும் தடையானபின் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதற்காக வருத்தப்படுபவர்களோடு நான் சேர மாட்டேன். யானை செத்து வந்த அழகு நமக்கு வேண்டாம் என்பது ஒருபுறம். கலையும் அதனால் பெரிதாக நஷ்டப்படவில்லை என்பது மறுபுறம். தஞ்சாவூர் மயிலின் உயிர் கீறலில் இருக்கிறது. கழுத்தின் வளைவை ஒரே இழுப்பில், கை தயங்காமல் கொண்டுபோன கோடு பிளாஸ்டிக்கிலும் அதே கோடுதான். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வீணையில் நான் தேடுவது அந்த இழுப்பைத்தான்.

கிட்டார்ப் பறவைக்கு இந்தச் சலுகை கிடையாது. விலை குறைந்த கிட்டார்களில் சிப்பிக்குப் பதில் முத்துநிற பிளாஸ்டிக்கில் அதே உருவங்களை வெட்டிப் பதிக்கும்போது பறவை செத்துவிடுகிறது. புறவடிவம் மட்டுமே உள்ள உருவத்துக்கு ஒளிதான் இறகு. ஒளி போனால் மிஞ்சுவது வெள்ளை நிழல். கோட்டால் வாழும் பறவை ஒன்று, ஒளியால் வாழும் பறவை இன்னொன்று. இரண்டையும் சேர்த்தவர் கனடாவின் டொரண்டோவில் இருக்கும் கிரிட் லாஸ்கின். சிப்பியைப் பதித்துத் தேய்த்து முடித்தபின் அதன் மேல் நுணுக்கமாகக் கீறி மை நிரப்புகிறார்; ஒரு கிட்டார்க் கழுத்தில் முழுக் கதையே சொல்லிவிடுவார். அவர் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கை தஞ்சாவூரிலும் இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றும். வேறுபாடு, கீறும் பரப்பில் மட்டுமே.

வாத்தியம் முழுவதையுமே மயிலாகச் செய்த மயூரி வீணைகள் 19-ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் இருந்தன. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் நிஜ மயிலிறகோடு ஒன்று இருக்கிறது. பார்க்க வியப்பு. ஆனால் ஏழு மி.மீ. ஆந்தை தரும் சந்தோஷத்தை அது எனக்குத் தரவில்லை.

எனக்கொரு ஆசை உண்டு, பேஸ் கிட்டாரைப் பற்றியது. 34 அங்குல ஸ்கேலில் 12-ஆம் கட்டம் கிட்டத்தட்ட 26 மி.மீ.; கடைசிக் கட்டம்கூட 13 மி.மீ. பறவைக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. இங்கே செய்யச் சொல்வதானால் கீழ்க் கட்டங்களில் பள்ளிக்கரணையின் நெடுங்கால் உள்ளான். குச்சிக்கால்களை 43 மி.மீ. உள்ள 3-ஆம் கட்டம் தாங்கும். பூநாரை வேண்டாம், கழுத்தை மடித்தால்தான் அடங்கும், மடித்தால் அதன் கம்பீரம் போய்விடும். 12-இல் நீளவால் இலைக்கோழி. இனப்பெருக்கக் காலத்தில் அதற்கு முளைக்கும் வால், உடலைவிட நீளமாக வளைந்து இறங்கும். அந்த வால் ஃப்ரெட்டுகளுக்கு அடியில் புகுந்து 14-ஆம் கட்டம் வரை போக வேண்டும். ஃப்ரெட் பள்ளம் அறுக்கும்போது சிப்பி சில்லு பெயர்ந்துவிடக்கூடும் என்பதால் அந்த இடத்தில் துண்டுகளை முன்கூட்டியே பிரித்து ஒட்ட வேண்டியிருக்கும். உடலுக்கு வெள்ளைச் சிப்பி, பிடரிக்குப் பொன்மஞ்சள் சிப்பி, வாலுக்கு அபலோன் சிப்பி. சிறகின் இறகுப் பிரிவுகளை மட்டும் தஞ்சாவூரில் வீணை வேலை செய்யும் ஆசாரி ஒருவரைக் கொண்டு கீறச் சொல்லி, கறுப்பை அவர் கையாலேயே தேய்க்கச் சொல்வேன்.