லிட்டன் ஸ்ட்ரேச்சியும் மரக்காணத்து உப்பும்

தமிழகத்தில் நவீன பிரித்தானிய இலக்கியத்தை ஆராய்வோர், அது கேம்பிரிட்ஜ் கல்லூரிகளிலும் லண்டன் வரவேற்பறைகளிலும் விளைந்தது என்றே பெரும்பாலும் கற்று, அவ்வாறே கற்பித்தும் வந்துள்ளனர். அவ்வரவேற்பறைகளில் சிலவற்றை வாழவைத்தது இந்திய நிர்வாகத்தில் பெற்ற ஊதியமும் ஓய்வூதியமும் என்பதையும், அந்நிர்வாகத்தின் வருவாயில் உப்பு வரிக்குப் பெரும் இடம் இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணும்போது, இத்துறை ஆய்வாளரின் பணிக்களம் இடம் மாறுகிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட மரக்காணம் உப்பளக் கரை அக்களத்துக்கு அயலானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கழுவெளி எனப்படும் உவர்நீர்ப் பரப்பை அடுத்துள்ள இக்கரையில், உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலும் காற்றும் அதைச் சுண்டச் செய்தபின் படியும் உப்பை மரப்பலகையால் வரப்போரம் வாரி அம்பாரமாகக் குவிப்பது வழக்கம். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் அவ்வாண்டின் வேலை முடிந்துவிடும். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் கருதுவர். உப்பு வண்டியோடு ஊர் ஊராகச் செல்லும் உமணரும் அதே பாட்டில் வருவது இங்கே நினைக்கத்தக்கது. 1805இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அரசுக்காகவன்றி எவரும் உப்பு விளைவிக்கக் கூடாது என்னும் இவ்வேற்பாட்டினால், கரையில் தானாகப் படிந்த உப்பை அள்ளுவதும் காலப்போக்கில் குற்றமாயிற்று.

இவ்வரலாறு இலக்கியத்தைத் தொடும் இடம் ஒரு குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தில் சிக்கியிருந்தபோது, வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசில் நிதி உறுப்பினராக இருந்தவர் சர் ஜான் ஸ்ட்ரேச்சி. மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்ட உப்பு வரியைச் சமன்செய்யும் நோக்கில், 1877-78இல் வங்காளத்தில் அவ்வரி குறைக்கப்பட்டது. சென்னையிலோ, ஏறத்தாழ 37 கிலோ எடையுள்ள ஒரு மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்தது 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. இவ்வாறு சமன்செய்ததன் பயனாக, உப்புக் கடத்தலைத் தடுக்க வடஇந்தியாவின் குறுக்கே வளர்க்கப்பட்டிருந்த முள்வேலியை உள்ளடக்கிய உள்நாட்டுச் சுங்கக்கோடு 1879இல் கைவிடப்பட்டது. நிதிச் சீர்திருத்தம் என்று புகழப்பட்ட இச்செயலின் விலையில் ஒரு பகுதியைப் பட்டினி கிடந்த தமிழ் மாவட்டங்கள் செலுத்தின என்பதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. ஜானின் உடன்பிறந்தவரான சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி, பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தின் தலைவர். ஆணையத்தின் அறிக்கை வெளிவந்த அதே 1880இல் ரிச்சர்டுக்குப் பிறந்த மகனுக்கு, ஞானத்தந்தையான வைசிராயின் பெயரே இடப்பட்டது. அம்மகனே, விக்டோரியா காலப் பெரியோரின் மீது படிந்திருந்த புகழ்ப்பூச்சைச் சுரண்டி 1918இல் ‘எமினென்ட் விக்டோரியன்ஸ்’ எழுதியவரும், வர்ஜீனியா வுல்ஃப் உள்ளிட்ட புளூம்ஸ்பரி வட்டத்தின், அதாவது லண்டனின் அப்பகுதியில் கூடிய எழுத்தாளர், ஓவியர், சிந்தனையாளர் குழுவின் நடுநாயகர்களுள் ஒருவருமான லிட்டன் ஸ்ட்ரேச்சி. தம் இளமையில் கேம்பிரிட்ஜ் ஆய்வுநிலைக்காக அவர் எழுதிய உரையின் பொருள், கம்பெனி ஆட்சியின் முதல் கவர்னர் ஜெனரலான வாரன் ஹேஸ்டிங்ஸ் என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது.

இந்த எழுத்தாளரைப் பற்றி 1930களின் இறுதியில் முழுநூல் ஒன்றை எழுதியவர் சாத்தூரில் 1908இல் பிறந்த கே.ஆர். சீனிவாச ஐயங்கார். தமிழரிடையே நவீன பிரித்தானிய இலக்கிய ஆய்வாளர் ஒருவரின் உழைப்பு வாழ்க்கைக்கு அவரைவிடப் பொருந்திய சான்று அரிது. அவர் எழுதிய ‘லிட்டரேச்சர் அண்ட் ஆதர்ஷிப் இன் இந்தியா’ என்னும் சிறுநூல் 1943இல் லண்டனில் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை தந்தவர் ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர். பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகவும் துணைவேந்தராகவும் விளங்கிய ஐயங்கார், ஸ்ட்ரேச்சியிடமிருந்தும் ஆங்கிலக் கவிஞர் ஹாப்கின்ஸிடமிருந்தும் மெல்ல நகர்ந்து, புதுச்சேரி அரவிந்தரின் வரலாற்றையும், 1962இல் இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கியத்தின் வரலாற்றையும் தம் பெரும்பணியாக்கிக்கொண்டார். பிரித்தானிய இலக்கியத்தைக் கற்ற கண், தன் நாட்டு எழுத்தின்மேல் திரும்பிய இந்நகர்வு அத்தலைமுறையின் அரசியலே. அது முழக்கமாக வெளிப்படாமல் ஆய்வுப்பொருளின் தேர்வில் வெளிப்பட்டது.

புளூம்ஸ்பரியையும் உப்பையும் ஒரே மனிதரிடத்தில் காண விரும்பும் ஆய்வாளர் பாக் நீரிணையைக் கடக்க வேண்டும். லிட்டனின் கேம்பிரிட்ஜ் நண்பரும் பின்னாளில் வர்ஜீனியாவின் கணவருமான லியோனார்டு வுல்ஃப், 1904 இறுதியில் இலங்கை ஆட்சிப் பணிக்கு வந்து, 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திலும், 1908 முதல் 1911 வரை தென்கோடி மாவட்டமான அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் பணியாற்றினார். கோடையில் உப்பு தானாகப் படியும் உவர்க்குளங்கள் அம்பாந்தோட்டையில் உண்டு. அவ்வுப்பை ஆள்திரட்டி வாரிச் சேர்ப்பதும், அரசின் ஏகபோகத்தைக் காப்பதும் அவருடைய அன்றாடக் கடமைகளில் அடங்கியிருந்தன. அதில் அவர் மிகுந்த திறமை காட்டினார் என்பதே பின்னாளில் பேரரசை எதிர்த்து எழுதிய அவரைப் படிப்போரை உறுத்த வேண்டிய செய்தி. அம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றை அரசின் சட்டமும் காடும் சேர்ந்து அழிப்பதைச் சொல்லும் அவருடைய ‘தி வில்லேஜ் இன் த ஜங்கிள்’ 1913இல் வந்தது. அந்நாவலை அழகியல் நோக்கில் மட்டும் படிப்பவர் பாதியைத்தான் படிக்கிறார். மறுபாதி, அதிகாரி என்ற முறையில் அவர் நாள்தோறும் எழுதிய அலுவல் நாட்குறிப்பில் இருக்கிறது.

இத்துறையின் இன்னொரு கிளை இடதுசாரி மரபைச் சார்ந்தது. இலங்கைத் தமிழ்த் திறனாய்வாளர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்கச் செவ்வியல் அறிஞரும் மார்க்சியருமான ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, பிரித்தானிய மார்க்சியத் திறனாய்வைத் தமிழுக்குக் கொணர்ந்தனர். வீரயுகப் பாணரைப் பற்றிய கைலாசபதியின் நூல் 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாயிற்று. எயிற்பட்டினத்தின் வழியே நடந்த பாணன் இவ்வாறு பர்மிங்காம் சுற்றித் தமிழுக்குத் திரும்பினான்.

நடைமுறையில் இவ்வாய்வாளரின் நாள் எவ்வாறு கழியும் என்பது மேற்சொன்னவற்றிலிருந்தே பெறப்படும். வகுப்பில் ஃபார்ஸ்டரும் ஆர்வெல்லும் நடத்த வேண்டும். அபினித் துறை ஊழியர் ஒருவரின் மகனாக மோதிஹாரியில் பிறந்தவர் ஆர்வெல் என்பதைச் சொல்லாமல் அவருடைய அரசியலை விளக்குவது கடினம். வகுப்பு முடிந்ததும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் ஏடுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அங்கே பேசும் ஆங்கிலம் புனைகதையின் ஆங்கிலமன்று, இத்தனை மணங்கு, இத்தனை கழிவு, இத்தனை வழக்கு என்று எண்ணால் பேசும் ஆங்கிலம். அதன் செயப்பாட்டு வினைகளில் யார் வரி விதித்தார் என்பது மறைந்துவிடும். அம்மறைப்பைக் கண்டறிவதற்குக் கவிதையைக் கூர்ந்து வாசித்துப் பழகிய பயிற்சியே வேண்டும் என்பதால்தான், இவ்வேலை வரலாற்றாசிரியருக்கு மட்டும் உரியதன்று. அடுத்து, பாத்தியில் நிற்பவர் பேசும் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். ஏட்டிலுள்ள ஆங்கிலச் சொல் எந்த வேலையைக் குறிக்கிறது என்பதை அவரிடம் கேட்டறியலாம்.

உப்பு வரி 1947இல் நீங்கியது. 1960இல் வுல்ஃப் மீண்டும் இலங்கைக்கு வந்தபோது, அம்பாந்தோட்டையில் அவர் எழுதிய நாட்குறிப்பை இலங்கை அரசு அவருக்குப் படியெடுத்துக் கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது நூலாகி, அலுவலகக் கோப்பாக இருந்தது இலக்கிய ஆய்வின் மூலநூல்களுள் ஒன்றாயிற்று. சென்னை மாகாண உப்பு அதிகாரிகளின் ஆண்டறிக்கைகளும் அத்தகைய வாசிப்பைத் தாங்கக்கூடியவை.