தோற்பதற்கும் உரிமை வேண்டும்

பழங்காநத்தம் டீக்கடை ஒன்றில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொத்தனாரிடம் வாயைக் கொடுத்துவிட்டேன். ‘கான்கிரீட்ல கப்பலே கட்டியிருக்காங்க, தெரியுமா?’

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ‘சும்மா இருங்கண்ணே. நாலு வருஷத்துக்கு முந்திப் போட்ட தளத்துலயே மழைத் தண்ணி இறங்குது. இது கடல்ல நிக்குமாக்கும்?’

நிற்கும். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய சிமென்ட் தொட்டியைக் காலியாகக் கண்மாயில் இறக்கிப் பாருங்கள், மிதக்கும். பொருள் லேசாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும் அளவுக்கு வயிறு பெரிதாக இருந்தால் போதும். எஃகுக் கப்பல் மிதப்பதும் இதே கணக்கில்தான். பிரான்சில் லாம்போ என்பவர் கம்பி வலையில் சிமென்ட் பூசி 1848-லேயே படகு செய்துவிட்டார்.

படகு சரி, கப்பல்? அதற்கு ஓர் உலகப் போர் தேவைப்பட்டது. எஃகு கிடைக்காமல் தவித்த அமெரிக்காவில், 1918-ல் அதிபர் வில்சன் 24 கான்கிரீட் கப்பல்களுக்கு ஒப்புதல் தந்தார். கட்டி முடித்தது 12. அவற்றில் ஒன்றுகூடப் போருக்குப் போய்ச் சேரவில்லை. ‘செல்மா’ என்ற கப்பல் தண்ணீரில் இறங்கிய நாள் 1919 ஜூன் 28. அன்றுதான் வெர்சாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது! பந்தல் பிரிக்கும்போது வந்து சேர்ந்த மேளக்காரர் கதை.

செல்மா எண்ணெய் சுமக்கப் போனது. மெக்சிகோவின் டாம்பிகோ துறைமுகத்தில் மோதி அடிப்பக்கம் கிழிந்தது. எஃகாக இருந்தால் தகட்டை மாற்றலாம். கான்கிரீட்டை என்ன செய்வது? ரிப்பேர் சரிப்படாமல், 1922-ல் டெக்சாஸின் கால்வெஸ்டன் அருகே பள்ளம் தோண்டி அதில் அமிழ்த்திவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் மறுபடியும் எஃகுப் பஞ்சம், மறுபடியும் 24 கப்பல்கள். இந்த முறை எல்லாவற்றையும் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் கட்டி முடித்தார்கள். இரண்டு கப்பல்கள் 1944-ல் நார்மண்டிக் கரைக்குப் போயின. எதற்கு? வேண்டுமென்றே மூழ்கடித்து அலைதடுப்புச் சுவராக்க. அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தன. கப்பலாக இருந்ததைவிடச் சுவராக இருப்பதில் கான்கிரீட்டுக்குத் திறமை அதிகம் என்று கொத்தனார் சொன்னால் மறுக்க முடியாது.

என் தீர்ப்பும் ஏறக்குறைய அதுதான். பொறியியலில் பாஸ், வியாபாரத்தில் ஃபெயில். நாலைந்து அங்குலத் தடிமனில் சுவர் வைத்தால் கப்பலின் சொந்த எடை ஏறும், சரக்குக்கு இடம் குறையும், எரிபொருள் கூடும். ஆனாலும் முழு நஷ்டம் இல்லை. எடையைக் குறைக்கக் களிப்பாறையைச் சுட்டு உப்பவைத்து ஜல்லியாக்கினார்கள் அல்லவா, அந்த லேசான கான்கிரீட் பிறகு பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் போனது.

இந்தக் கதையைச் சொல்கிற கட்டுரைகளும் டாகுமென்டரிகளும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ‘தேவைதான் கண்டுபிடிப்பின் தாய்.’ இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. தாய் சரி, பிள்ளையை வளர்க்கப் பணமும் அதிகாரமும் வேண்டாமா?

அதே போர்க்காலத்தில் நம் பக்கம் பாருங்கள். வால்சந்த் ஹிராசந்தின் சிந்தியா கம்பெனி விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்துக்கு அடிக்கல் நாட்டியது, 1941 ஜூன் 21-ல். நட்டவர் ராஜேந்திர பிரசாத். உலகமே கப்பல் கப்பல் என்று பறந்த நேரம். ஆனால், பிரிட்டிஷ் அரசு இங்கே பெரிய கப்பல் கட்டுவதை ஊக்குவிக்கவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு வேறு விழுந்தது. முதல் கப்பல் ‘ஜல உஷா’ வெள்ளைக்காரன் போன பிறகு, 1948 மார்ச்சில்தான் நேருவின் கையால் கடலில் இறங்கியது.

எஃகு இல்லையா? 1943-ல் திறந்த ஹௌரா பாலத்துக்குப் பிடித்த எஃகு 26,500 டன். அதில் 23,000 டன் டாடா கொடுத்தது. பாலத்து எஃகு வேறு, கப்பல் தகடு வேறு, இன்ஜினுக்கு எங்கே போவது என்று யாராவது குறுக்கிடலாம். நியாயமான கேள்விகள். ஆனால், அமெரிக்கனுக்கும் ஆயிரம் ‘எங்கே போவது’ இருந்தன. அவன் கான்கிரீட்டில்கூட முயன்று, இரண்டு முறை அசடு வழிந்து, அதிலும் ஏதோ கற்றுக்கொண்டான். நமக்கு அசடு வழியக்கூட வாய்ப்பில்லை. பற்றாக்குறை எல்லாருக்கும் பொது. அதைச் சமாளிக்கிற உரிமைதான் பொது இல்லை.

கை கட்டப்படாத இடத்தில் நாம் என்ன செய்தோம் என்பதற்கு நான் டீ குடித்த பேட்டையே சாட்சி. கூப்பிடு தூரத்தில் டி.வி.எஸ். நகர். அந்தப் பெயருக்குரிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் கம்பெனி, போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது ‘டி.வி.எஸ். காஸ் பிளான்ட்’ தயாரித்தது. அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் வரும் வாயுவால் வண்டி ஓட்டுகிற சாதனம். கரி பஸ் என்றால் பெரியவர்களுக்குப் புரியும். இழுவை குறைவு, புகை, அழுக்கு எல்லாம் உண்டு. பெட்ரோல் திரும்பியதும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். யாரும் அதைத் தோல்வி என்று சொல்வதில்லை. வண்டி ஓடிற்று, ஜனங்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டுக் கொத்தனார் எழுந்தார். ‘கலவை பிரச்னை இல்லண்ணே. மேஸ்திரி யாருங்கிறதுதான் பிரச்னை’ என்றார்.

நான் இரண்டு பக்கத்தில் சொன்னதை ஒரு வரியில் முடித்துவிட்டார். டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.