பாதி கல், பாதி மரம்

சியாட்டிலில் மழை கொட்டுவது குறைவு; மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். அங்கே பெரும்பாலான வீடுகளுக்குச் செங்கல் சுவர் கிடையாது. மரச்சட்டங்களை நிறுத்தி, ஒட்டுப்பலகை அடித்து, நீர் புகாத தாளைப் போர்த்தி, எல்லாவற்றுக்கும் வெளியே நீண்ட பலகைகளை அடுக்கிக்கொண்டு போவார்கள். அந்த வெளிப் போர்வைக்குச் சைடிங் என்று பெயர். எங்கள் வீட்டின் பழைய மரச் சைடிங் உளுத்துப்போக, ஃபைபர் சிமென்ட் பலகை அடிக்க இருவர் வந்தார்கள். ஒருவர் அறுபதை நெருங்குபவர். மற்றவர் அவருடைய தம்பி மகன். விடுப்பு எடுத்து ஐந்து நாள் அவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிறைவான விடுமுறை எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

போர்ட்லண்ட் சிமென்ட், பொடித்த மணல், மரக்கூழ் நார், தண்ணீர். பலகையில் முக்கியமாக இருப்பது இவ்வளவுதான். காகிதம் செய்வதுபோலக் கூழிலிருந்து மெல்லிய படலங்களை உருளையில் சுற்றி எடுத்து, நீராவி அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். படலம் சுற்றும் வழிக்கு 1901-ல் காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹட்செக். அவர் கலந்தது கல்நார். நம் ஊரில் வெயிலுக்குத் தகிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அந்த வம்சம்தான். நுரையீரலைத் தின்னும் அந்த நாருக்குப் பதிலாக மரநார் சேர்க்கும் முறை 1980-களில் ஆஸ்திரேலியாவில் பக்குவப்பட்டது.

ஆகவே இது பாதி கல், பாதி மரம். எந்த நேரத்தில் எதுவாக நடந்துகொள்ளும் என்று தெரிந்த கைக்குத்தான் வசப்படும். 12 அடி நீளம், 8¼ அங்குல அகலம், 5/16 அங்குலத் தடிமன். எடை ஏறக்குறைய 9 கிலோ. படுக்கவைத்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து முறிந்துவிடும். விளிம்பில் நிறுத்திப் பிடித்தால் இரும்புச் சட்டம்போல விறைத்து நிற்கும். முதல் நாள் பெரியவர் தம்பி மகனுக்கு வாயால் சொன்ன பாடம் அது ஒன்றுதான்.

வெட்டுவதில் மூன்று வழி, மூன்றுக்கும் மூன்று ஓசை. வட்ட ரம்பம் அலறும். சாதாரண ரம்பப் பல் இந்தச் சிமென்டில் சீக்கிரமே மழுங்கிவிடும் என்பதால் வைரத்துகள் பதித்த தகடு. அதில் மொத்தமே 4 பல். பல் குறைந்தால் அரைப்பது குறையும், மாவுபோன்ற தூசியும் குறையும். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்காதான் எமன். மூச்சோடு போனால் நுரையீரலிலேயே தங்கித் தழும்பாக்கிவிடும். கட்டடத் தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் அது, 8 மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2017 முதல் அமெரிக்காவில் நடப்பில் உள்ள விதி. பெரியவர் ரம்பத்தில் உறிஞ்சு குழாயை மாட்டாமல் விசையைத் தொட்டதே இல்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேசையையே போடுவார். இந்தக் கலையில் நான் முதலில் ரசித்த அழகு அந்தக் கவனம்தான்.

இரண்டாவது, மின்கத்தரி. ‘நறுக் நறுக்’ என்று கடித்துக்கொண்டே போகும், தூசி பறக்காது. மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது. கெட்டி முனைக் கத்தியால் மூலைமட்டத்தை ஒட்டி அழுத்தமாக ஒரு கீறல், அதன்மேல் இன்னொன்று. பிறகு பலகையை அணைத்துப் பிடித்து ஒரு மடக்கு. ‘டப்’. கல் உடைவதுபோல ஒரே கோட்டில் விட்டுக்கொடுக்கும். ஒரு கணம் முன்பு மரமாக வளைந்த பொருள் அந்தக் கணத்தில் கல்லாகிவிடுகிறது. வெட்டிய வாயில் உடனே ஒரு இழுப்புப் பெயின்ட். நீர் உறிஞ்சும் இடம் அதுதானே.

நாட்டு ஓடு வேய்ந்தவருக்கு அடுக்கும் முறையை விளக்கவே வேண்டாம். கீழிருந்து தொடங்கி, மேல் வரிசை கீழ் வரிசையின்மேல் 1¼ அங்குலம் ஏறி உட்காரவேண்டும். கண்ணுக்கு 7 அங்குலம் தெரியும். ஆணி இறங்குவது மேல் விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்துக்குள், உள்ளே மரச்சட்டம் நிற்கும் இடத்தில். அடுத்த பலகை அதை மூடிவிடும்.

அந்த ஆணியில்தான் கைத்தேர்ச்சி முழுவதும் இருக்கிறது. அதன் தலை பலகையைத் தொட்டு நிற்கவேண்டும், அவ்வளவே. ஒரு மயிரிழை அதிகம் போனாலும் பலகையின் தோல் கிழிந்து பிடிமானம் போய்விடும். குறைந்தால் மேல் பலகை படியாது. பெரியவர் ஆணித் துப்பாக்கியின் காற்றழுத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார். அது ஆணியை முக்கால்வாசி இறக்கும். மிச்சத்தைச் சுத்தியலால் தட்டுவார். கடைசித் தட்டில் ஓசை மாறும். அந்த மாற்றத்துக்காகவே காது கொடுத்துத் தட்டினார்.

பலகையும் பலகையும் சேரும் இடத்தில் பசை பூசுவதில்லை. பின்னால் ஒரு தகடு செருகி, மெல்லத் தொட்டுக்கொள்ள விடுகிறார்கள். ஜன்னல் சட்டத்தருகே மட்டும் 1/8 அங்குலம் இடைவெளி விட்டு அடைக்கிறார்கள்.

மேற்பரப்பில் தேவதாரு ரேகை பதித்த பலகைதான் இங்கே அதிகம் விற்கிறது. நான் வழவழப்பானதையே கேட்டு வாங்கினேன். இதற்கென்று ஒரு முகம் இருக்கும்போது இன்னொரு மரத்தின் முகமூடி எதற்கு? வழவழப்பான சுவரில் அழகு என்று இருப்பது நிழல்தான்: ஒவ்வொரு பலகையின் கீழ் விளிம்பும் அடுத்ததன்மேல் வரையும் மெல்லிய கறுப்புக் கோடு. உச்சி வெயிலில் எந்தச் சுவரும் தேறிவிடும். சரிந்த வெயிலில்தான் கோணல் தெரியும்.

நான்காம் நாள் மாலை மேற்குச் சுவரில் வெயில் படுத்திருந்தது. பெரியவர் சுவரோடு கன்னத்தை ஒட்டி, ஒற்றைக்கண் மூடிக் கோடுகளை நெடுக நோக்கினார். கீழிருந்து ஒன்பதாம் வரிசையைத் தொட்டுக் காட்டினார். நானும் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே அதற்குள் நான்கு வரிசை ஏறியிருந்தது. ஒவ்வொரு வரிசையின் ஆணியும் அடுத்த பலகைக்கு அடியில் மறைந்திருப்பதால், அதை எடுக்க மேலிருந்துதான் இறங்கி வரவேண்டும்.

மறுநாள் விடிந்ததும் தம்பி மகன் ஏணியைச் சாய்த்து மேல் பலகையைக் கழற்றத் தொடங்கினான். பெரியவர் கீழே புதிய நூலடித்துக்கொண்டிருந்தார்.