கொண்டையராஜு எழுதிய முகங்கள்

பெரியவர் ஒருவரின் படத்தை வரைந்து கொண்டுவந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் முதலில் வரும் பாராட்டு, "ஆளு அப்படியே இருக்காரு" என்பதுதான். நியாயமான பாராட்டு. ஆனாலும் மூக்கும் முழியும் அச்சாக ஒத்துப்போன எத்தனையோ படங்கள் இரண்டாம் முறை பார்க்கத் தூண்டுவதில்லை. நல்ல உருவப்படம் நாம் பார்க்கும்போது நம்மையும் பார்க்கிறது.

திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஏறினால் தளந்தோறும் பழைய சுவரோவியங்கள். குதிரைகள் ஏற்றிய கப்பல், படைகள், புராணக் காட்சிகள். கோட்டின் கூர்மை வியக்க வைக்கும். அங்குள்ள மனிதர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பி ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். தலைப்பாகையும் அணிகலனும் நிற்கும் இடமும்தான் இன்னார் என்று காட்டுகின்றன. கதை சொல்லும் ஓவியத்துக்கு அது போதும், உருவப்படத்துக்குப் போதாது.

அந்தப் போதாமையை நிரப்பிய கை, பழைய திருநெல்வேலி மாவட்டத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவின் (1898–1976) கை. சென்னைக் கலைப் பள்ளியில் பயின்று, ரமணாசிரமத்தில் தங்கி, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, பிறகு கோவில்பட்டியில் நிலைத்தவர். அவருடைய முருகனையோ லட்சுமியையோ நிதானமாகப் பாருங்கள். பின்னணியில் மலையும் தாமரைக் குளமும் நாடகத் திரைக்குரிய தாராளத்தோடு விரிகின்றன. முகத்திலோ கை அடங்கிவிடுகிறது. கன்னத்தில் கறுத்த நிழல் கிடையாது. ஒரு நிறம் அடுத்ததில் கரைந்தே முகம் திரண்டு வருகிறது. கிரீடமும் ஆரமும் மாலையும் எவ்வளவு மின்னினாலும் நம் பார்வை அந்தக் கண்களில்தான் போய் நிற்கும்.

தெய்வத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க அசல் முகம் ஏது? ஆனாலும் கண்டவர்களெல்லாம் "முருகன்தான்" என்று கைகூப்பினார்கள். சிவகாசி அச்சகங்களிலிருந்து அந்த முகங்கள் காலண்டர்களாக வீடு வீடாகப் போயின. ஆண்டு முடிந்து தேதித்தாள்கள் கிழிந்த பின்னும் படத்தை மட்டும் கண்ணாடி போட்டுப் பூஜை அறையில் மாட்டினார்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் முதுமையில் தன்னையே வரைந்த படங்களும் இப்படித்தான். 1669இல் இறந்த அவரை நேரில் கண்டவர் இன்று ஒருவருமில்லை. ஒப்பிட்டுச் சொல்ல ஆளில்லாதபோதும் அந்தத் தளர்ந்த முகத்தின் எதிரே நின்றால் ஒரு மனிதர் நம்மோடு இருக்கிறார்.

ஒப்புமை, படத்துக்கு உரியவரை அறிந்தவர்கள் இருக்கும்வரைதான் செல்லுபடியாகும். அவர்கள் போன பிறகும் முகத்தில் களை குறையாமல் இருந்தால் அதுவே பெரிய கலை. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 'காலண்டர் படம்' என்று ஒதுக்கப்பட்ட கொண்டையராஜுவின் முகங்கள் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த உருவப்படங்களில் சேரும்.