சடாயு எப்பறவை?

இராமகாதையில் சடாயு தோன்றும் இடத்தைப் படிக்கும்போது நம் மனக்கண்முன் எழும் உருவம் யாது? இறகு மூடிய தலையும், இரையைப் பற்றிக் கொல்லும் வலிய உகிர்களும் உடைய வேட்டைப் பறவையே எழுகின்றது. நாட்காட்டிப் படங்கள் பலவும் அவ்வாறே தீட்டிக் காட்டுகின்றன. ஆயின், கவிஞர்கள் கருதிய பறவை அதுவன்று.

வான்மீகியார் சடாயுவைக் ‘கிருத்திரராசன்’ என்பார். கிருத்திரம் என்பது பிணந்தின்னும் பறவை. துளசிதாசரும் ‘கீதராஜ்’ என்றே குறிப்பார். ‘கித்’ வேறு, ‘சீல்’ வேறு என்பதை வடபுலத்தில் வளரும் நம் பிள்ளைகள் நன்கறிவர். கம்பரோ அவனைக் கழுகின் வேந்தனாக அறிமுகப்படுத்துகின்றார். அவர் சொல்லில் பிழையில்லை. ‘ஈகிள்’, ‘வல்ச்சர்’ என்னும் இரண்டையும் ‘கழுகு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்ட நம் வழக்கே மயக்கத்தை விளைத்தது.

பண்டைத் தமிழர் பருந்து, எருவை, பாறு, கழுகு எனப் பல பெயர்களை ஆண்டனர். சங்கப் புலவர் எருவையின் செவி சிவந்தது என்று பாடினர். செந்தலைக் கழுகின் தலையும் கழுத்தும் இறகின்றிச் சிவந்திருக்கும். கழுத்தின் இருமருங்கும் சிவந்த தோல்மடல்கள் தொங்கும். அதனைக் கண்டோர்க்கு அவ்வடைமொழியின் நுட்பம் தானே விளங்கும்.

இது வெறும் பறவைநூற் செய்தியோ எனின், அன்று. காப்பியச் சுவையே இதனைச் சார்ந்து நிற்கின்றது. பிணந்தின்னிக் கழுகின் கால்கள் உயிருள்ள இரையைப் பற்றிக் கொல்லும் வன்மையற்றவை. போர் முடிந்தபின் களத்திற்கு வரும் அப்பறவை, ஈண்டுத் தானே போர் தொடுக்கின்றது. அதுவும் முதுமையில், பிறன் கவர்ந்து செல்லும் ஒரு பெண்ணின் பொருட்டு! எரியூட்டப்படாத உடல்களை உண்டு வாழும் இனத்தில் வந்தவனுக்கு இராமன் மகனாய் நின்று எரியூட்டுகின்றான். வேட்டைப் பறவையாக அவனை வரைந்தால் இவ்விரு முரண்களும் மறைந்துபோம். எஞ்சுவது வீரம் ஒன்றே.

இன்று இப்பறவைகளே அருகிவிட்டன. கால்நடைகளுக்கு அளித்த டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாடுகளின் உடல்வழியே கழுகுகளுக்குள் சென்று அவற்றின் சிறுநீரகங்களை அழித்தது. 1990களில் தொடங்கிய வீழ்ச்சியில் வெண்முதுகுக் கழுகு 99 விழுக்காட்டிற்கும் மேல் மறைந்தது. 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்கு அளிப்பதை அரசு தடை செய்தது. தமிழகத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய காடுகளே இன்று அவற்றின் முதன்மைப் புகலிடம்.

பிள்ளைகளுக்குச் சடாயுவின் கதையைச் சொல்லும் பெற்றோர், அவன் எப்பறவை என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். அழகற்றது என நாம் முகஞ்சுளிக்கும் அப்பறவையையே கவிஞர்கள் இராமனுக்குத் தந்தையாக்கினர். அவர்கள் துணிந்து கண்ட பெருமையை நாம் அழகுபடுத்திக் குறைத்தல் ஆகாது.